இது முதற்பதிப்புதானா? ஆங்கில நாவல் சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய ஆங்கில நாவல்களை வாங்கி விற்கிறவன் என்று தெரிந்துவிட்டால் போதும், முன்னட்டையை மட்டும் படமெடுத்து அனுப்பி, "இது முதற்பதிப்பா? என்ன விலை போகும்?" என்று கேட்கிறார்கள். முன்னட்டையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துப்போனதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். இருபதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் வந்த நாவல்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். விக்டோரியா காலத்து நூல்களின் கணக்கே வேறு.

"உள்ளே 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று அச்சிட்டிருக்கிறது. அப்புறம் என்ன சந்தேகம்?"

ஒருமுறை அச்சுக் கோத்துவிட்டு, அதை மாற்றாமல் நூறு தடவை அச்சடித்தாலும் நூலியல் கணக்கில் அது ஒரே பதிப்பு. ஆகவே முதற்பதிப்பின் பதினேழாவது அச்சு என்று ஒன்று இருக்க முடியும். அதற்குச் சேகரிப்பு மதிப்பு இருக்காது. சேகரிப்பவர்கள் தேடுவது முதற்பதிப்பின் முதல் அச்சை. நம் பதிப்பகங்கள் ஒவ்வொரு மறு அச்சையும் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று எண்ணிப் பழக்கியிருப்பதால் இங்கே பலரும் தடுமாறுகிறார்கள். இந்தப் பக்கத்தில் முதற்பதிப்பு என்று நான் எழுதும் இடமெல்லாம் முதல் அச்சு என்றே கொள்ளுங்கள்.

அந்த இரண்டு சொற்களும் ஒரு சாட்சி மட்டுமே. மறு அச்சில் அவற்றை எடுக்க மறந்த பதிப்பகங்கள் உண்டு. வேண்டுமென்றே விட்டுவைத்தவையும் உண்டு. மாதம் ஒன்றாகத் தபாலில் அனுப்பும் புக் கிளப் பிரதிகளிலும் அவை அப்படியே வந்திருக்கின்றன. பதிப்புரிமைப் பக்கம், மேலுறை (கெட்டி அட்டையைச் சுற்றிப் போட்டிருக்கும் தனித் தாள்), விலை, நூற்கட்டு நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் நான் தலையாட்டுவேன்.

"எந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்ப வேண்டும்?"

தலைப்புப் பக்கம், அதன் பின்புறம் உள்ள பதிப்புரிமைப் பக்கம், மேலுறையின் முன்புறம், பின்புறம், அட்டைக்குள் மடிந்திருக்கும் அதன் இரண்டு உள்மடிப்புகள், மேலுறையைக் கழற்றிய பிறகு பின்னட்டையின் கீழ் வலது மூலை. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். அது எதற்கு என்பது புக் கிளப் கேள்வியில் வரும்.

"10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஒரு வரி இருக்கிறது. இது என்ன?"

எண் வரிசை. ஒவ்வொரு மறு அச்சுக்கும் அச்சுத் தகட்டில் ஓர் எண்ணைச் சுரண்டிவிடுவார்கள். புதிதாக எதையும் சேர்ப்பதைவிட இருப்பதை அழிப்பது சுலபம் என்பதால் வந்த ஏற்பாடு. மிஞ்சியிருக்கும் எண்களில் மிகச் சிறியது எதுவோ, அதுவே அச்சின் எண். 1 இருந்தால் முதல் அச்சு; 4தான் சிறியது என்றால் நான்காவது அச்சு. 1 3 5 7 9 10 8 6 4 2 என்று நடுவிலிருந்து பிரித்து அடுக்கியிருந்தாலும் விதி மாறாது.

விதிக்கு அடங்காத ஒரு பெரிய பதிப்பகம் உண்டு. அமெரிக்காவின் ரேண்டம் ஹவுஸ் 1970களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எண் வரிசையை 2இல் தொடங்கியது. கூடவே 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்ற சொற்கள் இருந்தால் அது முதல் அச்சு. இரண்டாவது அச்சில் எண்ணைத் தொடாமல் அந்தச் சொற்களை மட்டும் எடுத்துவிடுவார்கள். '2 இருக்கிறது, எனவே இரண்டாவது அச்சு' என்று கடைக்காரர் மலிவாகக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்கோர்ட் பதிப்பகம் எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளை வைத்தது. சில காலம் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்ற சொற்களையே முதல் எழுத்தின் இடத்தில் வைத்து, வரிசையை 'பி' என்ற எழுத்தில் தொடங்கியது.

"என் புத்தகம் 1950களில் வந்தது. எண் வரிசையே இல்லையே?"

இருக்காது. எண் வரிசை பரவலானது 1970களில். அதற்கு முன்பு பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வழக்கம் வேறு. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் சேகரிக்கும் நான்கைந்து பதிப்பகங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

நியூயார்க் ஸ்க்ரிப்னர் 1930 முதல் பதிப்புரிமைப் பக்கத்தில் 'ஏ' என்ற ஒற்றை எழுத்தைப் போட்டது. 1952இல் வந்த ஹெமிங்வேயின் 'தி ஓல்ட் மேன் அண்ட் த சீ' நாவலில் அந்த எழுத்தில்லாத பிரதி முதல் அச்சு ஆகாது. ஆனால் அதே ஸ்க்ரிப்னர் 1925இல் வெளியிட்ட 'தி கிரேட் கேட்ஸ்பி'யில் 'ஏ' இல்லையே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. வைகிங் 1939இல் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில் அந்த ஆண்டு ஏப்ரலில் முதலில் வெளியானது என்று மட்டும் எழுதியது. மேலுறையின் முன் உள்மடிப்பின் அடியில் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று தனியாக இருக்கும்.

லண்டன் பதிப்பகங்கள் இன்னும் சிக்கனமானவை. ஜொனாதன் கேப் போன்றவர்கள் முதலில் வெளியான ஆண்டை மட்டும் போடுவார்கள். மறு அச்சு வந்தால் அதன் கீழே ஒரு வரி சேரும். கீழே வரி இல்லை என்பதே அடையாளம். ஃபேபர் நெடுங்காலம் ஆண்டை ரோமன் எண்ணில் எழுதியது. 1954இல் வந்த கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' நாவலில் அப்படித்தான். கொலான்ஸ் முதல் அச்சில் எதையுமே சொல்லாது, மறு அச்சில் மட்டும் சொல்லும். அதன் மஞ்சள் மேலுறையைக் கண்டதும் உற்சாகப்படுகிறவர்கள் முதலில் பதிப்புரிமைப் பக்கத்தில் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளட்டும்.

"தலைப்புப் பக்கத்தில் உள்ள ஆண்டும் பதிப்புரிமை ஆண்டும் ஒன்றாக இருக்கின்றன. அது போதாதா?"

நல்ல அறிகுறி, அவ்வளவுதான். 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' 1939க்குள்ளேயே பல அச்சுகள் கண்டது. 1951இல் வந்த சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் த ரை' நாவலும் அப்படியே. விற்பனையில் பிய்த்துக்கொண்டு போன நாவல் என்றால் ஆண்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பதிப்புரிமை ஆண்டு சட்டத்துக்காகப் போடுவது; முப்பது ஆண்டு கழித்து அச்சான மலிவுப் பிரதியிலும் அது மாறாமல் இருக்கும்.

"புக் கிளப் பிரதி என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். பார்க்க அசல் போலவே இருக்கிறதே?"

அசல் போலவே இருக்க வேண்டும் என்றுதான் அச்சிட்டார்கள். அமெரிக்காவில் மாதம் ஒரு புத்தகத்தைத் தபாலில் அனுப்பும் கிளப்புகள் ஒரு தலைமுறையையே படிக்க வைத்தன. அவர்களின் பிரதிகள் லட்சக்கணக்கில் உலகெங்கும் சுற்றுகின்றன. நம் ஊர்ப் பழைய புத்தகக் கடைகளில் கெட்டி அட்டையோடு கிடைக்கும் அமெரிக்க நாவல்களில் கணிசமானவை இந்த வகைதான்.

கண்டுபிடிக்க நாலு வழி. முதலாவது, மேலுறையின் முன் உள்மடிப்பில் விலை இருக்காது. சிலவற்றில் அடியில் 'புக் கிளப் எடிஷன்' என்றே இருக்கும். அந்த மூலையை வெட்டிவிட்டு விற்பவர்களும் உண்டு. இரண்டாவது, மேலுறையைக் கழற்றிப் பின்னட்டையின் கீழ் வலது மூலையை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். சிறு வட்டமோ சதுரமோ இலையோ, மை இல்லாமல் அழுத்திய பள்ளம் தெரிந்தால் கதை முடிந்தது. கண்ணுக்குத் தப்பினாலும் கட்டைவிரலுக்குத் தப்பாது. மூன்றாவது, கையில் எடுத்தால் எடை குறைவு, தாள் மட்டம், அளவும் சில சமயம் ஒரு விரல் சிறியது. நான்காவது, மேலுறையின் பின்புறத்தில் பார்கோடு இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து இலக்கத் தனி எண் மட்டும் இருக்கும்.

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' பற்றித்தான் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. 1960இல் லிப்பின்காட் வெளியிட்ட முதல் அச்சு ஐயாயிரம் பிரதிகள். மேலுறையின் விலை 3.95 டாலர். பின்புறத்தில் ட்ரூமன் கபோட்டி எடுத்த லீயின் புகைப்படம் இருக்கும். விலை இல்லாத மேலுறையோடு வருகிறவை கிளப் பிரதிகளாகத்தான் இருக்கும்.

"மேலுறை கிழிந்துபோனதால் எறிந்துவிட்டேன். புத்தகம் நன்றாகத்தானே இருக்கிறது?"

படிக்க நன்றாகத்தான் இருக்கும். விற்கப் போனால்தான் வலிக்கும். நவீன நாவல்களில் பண மதிப்பின் பெரும்பகுதி அந்த ஒற்றைத் தாளில் இருக்கிறது. 'தி கிரேட் கேட்ஸ்பி' முதல் அச்சு 20,870 பிரதிகள். அப்படியொன்றும் அபூர்வமான புத்தகமில்லை. மேலுறை இல்லாத பிரதி சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். மேலுறையோடு நல்ல நிலையில் இருந்தால் லட்சம் டாலரைத் தாண்டிவிடும். ஃபிரான்சிஸ் குகாட் வரைந்த அந்த நீல மேலுறை புத்தகத்தைவிடச் சற்றே உயரமாக அமைந்துவிட்டது. விளிம்புகள் அலமாரியில் உரசி நைந்துபோயின; நைந்ததை மக்கள் குப்பையில் போட்டார்கள். மிஞ்சியது கொஞ்சம்.

அதே மேலுறையின் பின்புறத்தில் இன்னொரு சங்கதி உண்டு. கதாநாயகனின் பெயரில் 'ஜே' என்ற முதலெழுத்து சிறிய எழுத்தாக அச்சாகிவிட்டது. பதிப்பகத்தார் அதைப் பெரிய எழுத்தாகத் திருத்தி வெளியே அனுப்பினார்கள். அந்தத் திருத்தம் தெரியும் மேலுறையைத்தான் சேகரிப்பவர்கள் பூதக்கண்ணாடியோடு தேடுகிறார்கள். கிழிந்த மேலுறையாக இருந்தாலும் சரி, எறியாதீர்கள். செல்லோடேப் ஒட்டவும் கூடாது. பத்து ஆண்டில் அது பழுப்புக் கறையாக இறங்கி, கிழிசலைவிட மோசமாகிவிடும்.

"உள்மடிப்பில் விலை இருந்த மூலை வெட்டப்பட்டிருக்கிறது. மோசடியா?"

பெரும்பாலும் இல்லை. பரிசாகக் கொடுக்கிறவர்கள் விலை தெரியாமலிருக்க வெட்டுவது பிரிட்டனில் பரவலான வழக்கம். மதிப்பு குறையும், அழியாது. ஆனால் ஒரு சாட்சி போய்விட்டது. மேலே சொன்ன கிளப் பிரதியின் அடையாளம் மறைக்கப்பட்டிருக்கலாம் என்பதால் மற்றதையெல்லாம் இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள்.

வெட்டே அடையாளமான புத்தகமும் ஒன்று உண்டு. ஸ்டீபன் கிங்கின் 'சேலம்ஸ் லாட்' 1975இல் டபுள்டே வெளியீடு. மேலுறையில் 8.95 டாலர் என்று அச்சிட்ட பிறகு விலையைக் குறைக்க முடிவு செய்து, பதிப்பகமே மூலையை வெட்டி 7.95 என்று போட்டது. உள்மடிப்பில் பாதிரியாரின் பெயரும் 'கோடி' என்று தவறாக விழுந்திருந்தது. பிறகு 'கலகன்' என்று திருத்தினார்கள். வெட்டப்படாமல் 8.95 டாலர் விலையோடு தப்பித்த மேலுறைகள் மிக மிகச் சில.

"புத்தகம் முதல் அச்சு. மேலுறையும் அதற்குரியதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

நல்ல கேள்வி; அனுபவசாலிகளும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மேலுறை கழற்றி மாட்டக்கூடியது. ஐந்தாவது அச்சின் மேலுறையை எடுத்து முதல் அச்சுக்குப் போட்டுவிட்டால் மேலோட்டமாகப் பார்க்கிறவருக்குத் தெரியாது. வியாபாரத்தில் இதற்குக் கல்யாணம் செய்து வைத்த பிரதி என்று பெயர்.

அந்த நாவலையே புகழும் பத்திரிகை விமர்சனம் மேலுறையில் இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். புத்தகம் வெளிவருவதற்கு முன் அச்சான உறையில் அதற்கான விமர்சனம் எங்கிருந்து வரும்? இயன் ஃபிளெமிங்கின் 'கேசினோ ராயல்' 1953 ஏப்ரலில் வந்தது. முதலில் அச்சான மேலுறையின் முன் உள்மடிப்பில் விமர்சன வரி இல்லை. 'சண்டே டைம்ஸ்' மேற்கோள் உள்ளது பின்னால் வந்தது. 'தி கேட்சர் இன் த ரை' நேர் எதிர். தொடக்க அச்சுகளின் பின்புறத்தில் சாலிஞ்சரின் முகம் பெரிதாக இருக்கும். அதை அவர் விரும்பாததால் பிறகு நீக்கினார்கள். முகம் இல்லாவிட்டால் பிந்தைய உறை. டோல்கீனின் 'தி ஹாபிட்' 1937இல் 1,500 பிரதிகள் அச்சானது. மேலுறையின் பின் உள்மடிப்பில் லூயிஸ் கேரலின் இயற்பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக விழ, பதிப்பகத்தார் உட்கார்ந்து பேனாவால் அடித்தார்கள். பழைய மைக்கோடு இருக்கிறதே என்று அதை அழிக்கப் பார்த்த புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.

நுணுக்கம் தெரியாத நாவல் என்றால் காலம் சொல்லும் பொதுவான தடயங்களைப் பாருங்கள். பிரிட்டனில் 1971 பிப்ரவரி வரை ஷில்லிங், பென்ஸ் கணக்கு. 1955 நாவலின் உறையில் அதற்குப் பிறகு வந்த புதிய பென்ஸ் விலை இருந்தால் அது பிந்தையது. அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் கோடு வந்தது 1963இல். பதிப்பகத்தின் முகவரியில் அது இருந்தால் 1960 உறை அல்ல. பார்கோடு 1980களில்தான் புத்தகங்களில் பரவியது. புத்தகங்களுக்குத் தரும் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். 13 இலக்கமானது 2007இல்.

"நகல் மேலுறை என்று ஒன்று இருக்கிறதாமே?"

இருக்கிறது. நேர்மையாகவே விற்கப்படுகிறது. அலமாரி அழகுக்காக வண்ண நகல் எடுத்து, உள்மடிப்பில் நகல் என்று சிறியதாக அச்சிட்டுத் தருகிறார்கள். அந்தச் சிறிய வரி அடுத்த கைக்குப் போகும்போது காணாமல் போவதுதான் பிரச்சினை. தொண்ணூறு வயதுத் தாள் பளபளவென்று வெள்ளையாக இருந்தால், புத்தகத்தின் முதுகு வெளுத்திருக்க உறையின் முதுகு மட்டும் புதிதாக இருந்தால், பூதக்கண்ணாடியில் எழுத்துகளின் விளிம்பு புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் வாங்காதீர்கள்.

புத்தகத்தையே நகலெடுத்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 'ஃபர்ஸ்ட் எடிஷன் லைப்ரரி' என்ற வரிசையில் 'தி கிரேட் கேட்ஸ்பி' உள்ளிட்ட பல நாவல்களைப் பழைய பதிப்புரிமைப் பக்கம், மேலுறை சகிதம் அட்டைப்பெட்டியில் வைத்து விற்றார்கள். அந்தப் பெட்டியைத் தொலைத்துவிட்ட பிரதிகள்தான் ஆபத்து. 1920களின் புத்தகம் கிண்ணென்று புத்தம்புதிதாக இருந்தால் அதிர்ஷ்டம் என்று நினைப்பதற்கு முன் எங்கேயாவது அந்த வரிசைப் பெயரின் சுருக்கமான 'எஃப்இஎல்' என்ற எழுத்துகள் ஒளிந்திருக்கின்றனவா என்று தேடுங்கள்.

"அச்சுப்பிழை இருந்தால் விலை கூடுமாமே?"

பிழைக்காக யாரும் பணம் கொடுப்பதில்லை. திருத்துவதற்கு முன் அச்சானது என்று அந்தப் பிழை நிரூபிப்பதால் கொடுக்கிறார்கள். ஹெமிங்வேயின் 'தி சன் ஆல்சோ ரைசஸ்' 1926 பதிப்பில் 181ஆம் பக்கம், 26ஆம் வரியில் 'ஸ்டாப்டு' என்ற சொல்லில் 'பி' என்ற எழுத்து மூன்று முறை விழுந்திருக்கும். 'தி கிரேட் கேட்ஸ்பி'யில் 205ஆம் பக்கத்தில் 'சிக் அண்ட் டயர்ட்' என்பதற்குப் பதில் 'சிக் இன் டயர்ட்' என்றிருக்கும். இப்படிப்பட்ட இடங்களை வியாபாரிகள் 'பாயிண்ட்' என்பார்கள். ஒரே நாவலுக்கு இப்படி நாலைந்து இருக்கலாம். ஒன்று பொருந்தி மற்றவை பொருந்தாவிட்டால் அது நீங்கள் தேடும் பிரதி அல்ல. யாருமே குறித்துவைக்காத பிழையைக் கண்டுபிடித்து எனக்கு அனுப்புகிறீர்கள். அது வெறும் பிழை.

"வீட்டில் ஹாரி பாட்டர் முதல் புத்தகம் இருக்கிறது. கோடீஸ்வரனா நான்?"

அநேகமாக இல்லை. 1997 ஜூன் 26 அன்று லண்டன் புளூம்ஸ்பரி வெளியிட்ட கெட்டி அட்டைப் பிரதிகள் ஐந்நூறுதான். அவற்றில் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போனது. எண் வரிசை 10 முதல் 1 வரை முழுதாக இருக்க வேண்டும். பதிப்புரிமை 'ஜோஆன் ரௌலிங்' என்ற முழுப் பெயரில் இருக்க வேண்டும், முதலெழுத்துகளில் அல்ல. 53ஆம் பக்கத்தில் பள்ளிக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு தடவை வரும். பின்னட்டையில் தலைப்பின் 'ஃபிலாசஃபர்' என்ற சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். படம் அட்டையிலேயே அச்சாகியிருக்கும், மேலுறை கிடையாது. ஆகவே மேலுறையோடு உள்ள பிரதியைக் காட்டி "இது முதற்பதிப்பு" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம். 2021 டிசம்பரில் அமெரிக்க ஏலம் ஒன்றில் ஒரு பிரதி 4,71,000 டாலருக்குப் போன செய்தி வந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதுதான்.

"நடைபாதைக் கடையில் வாங்கிய நாவலில் எண் வரிசையில் 1 இருக்கிறது. ஐம்பது ரூபாய்க்கு முதற்பதிப்பு கிடைத்துவிட்டதா?"

அது திருட்டு அச்சு. எந்தப் பிரதியைப் படமெடுத்துத் தகடு செய்தார்களோ அதன் எண் வரிசையும் சேர்ந்து அச்சாகிவிடும். எழுத்து ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும், வரிகள் கோணலாக ஓடும், அட்டையின் எழுத்து மேடாக இருக்க வேண்டிய இடத்தில் தட்டையாக இருக்கும்.

இன்னொரு வகை நேர்மையானது: இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு என்று பின்னட்டையில் அச்சிட்ட மலிவுப் பதிப்பு. சட்டப்படியானதுதான், எண் வரிசையும் உண்மைதான். ஆனால் அது அந்த மலிவுப் பதிப்பின் முதல் அச்சு. எண் வரிசை எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பெங்குவின் பேப்பர்பேக்கும் அப்படியே. முதலில் வேறு பதிப்பகம் வெளியிட்ட ஆண்டையும் பெங்குவினில் வந்த ஆண்டையும் அதுவே தனித்தனியாகச் சொல்லிவிடும்.

"லண்டன், நியூயார்க், டெல்லி மூன்றிலும் ஒரே ஆண்டில் வந்திருக்கிறது. எது உண்மையான முதற்பதிப்பு?"

நாள் கணக்கில் எது முந்தியதோ அதுவே முதற்பதிப்பு என்பது கறாரான கட்சி. எழுத்தாளரின் சொந்த நாட்டில் வந்ததுதான் முக்கியம் என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி, ஆனால் சந்தை பல சமயம் இரண்டாவது கட்சியின் பக்கம் சாயும். அருந்ததி ராயின் 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' நாவலுக்கு இரண்டு கட்சிக்கும் ஒரே பதில்: 1997இல் டெல்லி இந்தியா இங்க் வெளியிட்ட பதிப்பு. லண்டன் பதிப்பை முதலாவது என்று விற்பவர்களிடம் இதைச் சொல்லிப் பேரம் பேசலாம்.

நபக்கோவின் 'லோலிட்டா' அமெரிக்காவில் 1958இல், பிரிட்டனில் 1959இல் வந்தது. ஆனால் 1955இலேயே பாரிஸில் ஒலிம்பியா பிரஸ் அதைப் பச்சை அட்டையில் இரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் போட்டுவிட்டது. மொழிபெயர்ப்பு நாவலுக்கு மூலமொழிப் பதிப்புதான் முதல். கார்சியா மார்க்கேஸின் 'நூறாண்டுத் தனிமை' 1967இல் புவெனோஸ் அயர்ஸில் சுதமெரிக்கானா வெளியீடாக வந்தது. காட்டுக்குள் நிற்கும் பாய்மரக் கப்பல் படம் போட்ட அட்டை முதல் அச்சுக்குரியது. ஆங்கிலத்தில் வந்த முதற்பதிப்பையும் தனியாகச் சேகரிக்கிறார்கள். 1970 ஹார்ப்பர் அண்ட் ரோ பிரதியின் முன் உள்மடிப்பில் முதல் பத்தி ஆச்சரியக்குறியோடு முடிகிறதா என்று பாருங்கள். பிந்தைய உறையில் அது இல்லை.

"ஆர்.கே. நாராயணின் பழைய பிரதிகள் தாத்தாவின் அலமாரியில் நிறைய இருக்கின்றன. மதிப்பு உண்டா?"

மைசூர் 'இந்தியன் தாட்' வெளியீடுகளாக இருந்தால் பெரும்பாலும் மறுபதிப்புகள். அது நாராயணே நடத்திய பதிப்பகம். அவர் நாவல்களின் முதற்பதிப்புகள் வெளிநாட்டில் வந்தவை. 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' லண்டன் ஹாமிஷ் ஹாமில்டன், 1935. 'தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' 1937இல் நெல்சன். 'தி டார்க் ரூம்' 1938இல் மேக்மில்லன். 'தி இங்கிலீஷ் டீச்சர்' 1945இல் அயர் அண்ட் ஸ்பாட்டிஸ்வூட். நாவலுக்கு நாவல் பதிப்பகம் மாறியிருப்பதைப் பார்த்தாலே அன்று அவர் புத்தகம் எப்படி விற்றது என்பது தெரியும். அதனால்தான் இன்று மேலுறையோடு உள்ள 1935 பிரதி கிடைப்பது குதிரைக்கொம்பு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நாவல் அல்ல, சிறுகதைத் தொகுப்பு. 'மால்குடி டேஸ்' 1943இல் மைசூரில்தான் முதலில் வந்தது. 1982இல் வெளிநாட்டில் அதே தலைப்பில் வந்தது வேறு தொகுப்பு. அலமாரியில் அந்தச் சிறிய மைசூர்ப் புத்தகம் இருந்தால் எனக்கு முதலில் எழுதுங்கள்.

"நூலக முத்திரை இருக்கிறது. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான். முத்திரை, பின்பக்கப் பை, முதுகில் எண் ஒட்டிய தடம் எல்லாம் சேர்ந்து விலையைச் சரிபாதிக்கும் கீழே இறக்கிவிடும். முதல் அச்சே பெரும்பாலும் நூலகங்களுக்குப் போன ஹாரி பாட்டர் போன்றவற்றுக்கு மட்டும் சலுகை. முத்திரையைச் சுரண்டி அழிக்காதீர்கள். ஓட்டை விழுந்தால் இரட்டை நஷ்டம்.

"விற்பனைப் பட்டியலில் 'குட்' என்று போட்டிருந்தது. வந்த புத்தகம் நைந்துபோய் இருக்கிறதே?"

அவர்கள் பொய் சொல்லவில்லை. மேலிருந்து கீழே 'ஃபைன்', 'நியர் ஃபைன்', 'வெரி குட்', 'குட்', 'ஃபேர்', 'புவர்' என்று போகும் படிநிலையில் 'குட்' என்பது பக்கங்கள் முழுதாக இருக்கின்றன என்பதற்கு மேல் எதையும் உறுதி சொல்வதில்லை. இரண்டு தரம் சேர்த்து எழுதியிருந்தால் முதலாவது புத்தகத்துக்கு, இரண்டாவது மேலுறைக்கு.

"ஆசிரியர் கையெழுத்து இருக்கிறது, ஆனால் யாரோ ஒருவர் பெயர் எழுதி வாழ்த்தியிருக்கிறார். குறைபாடா?"

வெறும் கையெழுத்தைத்தான் சந்தை விரும்புகிறது. ஆனால் அந்த 'யாரோ' ஆசிரியரின் நண்பராகவோ இன்னொரு எழுத்தாளராகவோ இருந்தால் கணக்கு தலைகீழாகும். தனித் தாளில் ஒட்டிய கையெழுத்துக்கு மதிப்பு குறைவு. சான்றிதழ் இணைத்திருக்கிறார்கள் என்பதற்காக நம்பாதீர்கள். சான்றிதழை யாரும் அச்சடிக்கலாம்.

"நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் எப்படிப் பாதுகாப்பது?"

மேலுறைக்குத் தெளிவான பாலியெஸ்டர் உறை போடுங்கள், ஒட்டாமல் மடித்து. லாமினேஷன் செய்தால் அது உங்கள் சமையலறைப் பட்டியலுக்குத்தான் லாயக்கு. சன்னலுக்கு எதிரே வைத்தால் சிவப்பு முதுகு இரண்டு கோடையில் வெளுத்துவிடும். சுவரோடு ஒட்டிய கண்ணாடி அலமாரியில் மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளிகள் வரும்; காற்றோட்டம் வேண்டும், மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்ட வேண்டும். வெள்ளிப்பூச்சிக்கு அதுவே பாதி மருந்து.

"இணையத்தில் இதே நாவல் மூவாயிரம் டாலர் என்று போட்டிருக்கிறார்கள். எனக்கும் அதே விலை கிடைக்குமா?"

அது கேட்கும் விலை. பத்து ஆண்டாக விற்காமல் அங்கேயே கிடப்பதாகக்கூட இருக்கலாம். ஏலத்தில் உண்மையில் கைமாறிய விலைகளைப் பாருங்கள், அதே அச்சு, அதே மேலுறை நிலை, அதே தரம் உள்ள பிரதியோடு ஒப்பிடுங்கள். வியாபாரியிடம் விற்றால் அதில் பாதிக்கும் கீழேதான் கொடுப்பார். அவருக்கும் வாடகை இருக்கிறது.

"மேலுறையின் உள்பக்கத்தில் வேறு ஏதோ புத்தகத்தின் உறை அச்சாகியிருக்கிறது. இது கழிவுத் தாளா?"

நாவலின் பெயரைச் சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். ஜார்ஜ் ஆர்வெலின் 'அனிமல் ஃபார்ம்', லண்டன் செக்கர் அண்ட் வார்பர்க் வெளியீடு என்றால் அந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். போர்க்காலத்தில் தாளுக்குக் கடும் தட்டுப்பாடு. பதிப்பகம் தன்னிடம் மிஞ்சிக் கிடந்த 'சர்ச்லைட் புக்ஸ்' என்ற வரிசையின் மேலுறைகளைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் இந்த நாவலின் உறையை அச்சடித்தது. அந்த வரிசையின் பதிப்பாசிரியர்களில் ஆர்வெலும் ஒருவர்.

முதல் அச்சு 4,500 பிரதிகள். பதிப்புரிமைப் பக்கத்தில் 1945 மே என்று இருக்கும். புத்தகம் கடைக்கு வந்ததோ ஆகஸ்ட் 17. மாதம் பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். மேலுறையின் இரண்டு பக்கங்களையும் உள்மடிப்புகளோடு படமெடுத்து அனுப்புங்கள். பின்பக்க அச்சை மறைக்க யாராவது வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தால் நீங்களே பிரிக்க முயல வேண்டாம். தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.